பீரோவில் கிடக்கும் ஃபாரின் வாட்ச்: அதன் மதிப்பு என்ன, எப்படி விற்பது?

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், தேவிப்பட்டினத்திலிருந்து தொண்டி வரைக்கும் உள்ள ஊர்களில், நிறைய வீட்டு பீரோக்களில் ஒரு வாட்ச் கிடக்கும். கம்பெனிப் பெட்டியிலோ, பழைய கைக்குட்டையில் சுற்றியோ. அப்பாவோ மாமாவோ சவுதியிலிருந்து, துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து வரும்போது கட்டிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே எடுத்தது. இப்போது ஓடுகிறதா என்றுகூடத் தெரியாது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை மட்டும் உண்டு: "அது ஃபாரின் வாட்ச், நல்ல விலை போகும்."

அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் நாள் பெரும்பாலும் நல்ல நாளாக இருக்காது. காரங்காடு மாதிரி ஊர்களை வெளியூர்க்காரர்களுக்கு அலையாத்திக் காடும் படகுச் சவாரியும்தான் தெரியும். ஊர்க்காரர்களுக்கு வருஷத்தின் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வேலைக்குப் போகிற வீட்டில் அந்த இரண்டு மாதம் வருமானம் கிடையாது. தடை முடியும் நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் போதும், பீரோ திறக்கும். வாட்ச் ஏதோ ஒரு கடை மேஜைக்குப் போகும். எதிரில் இருப்பவர் சொல்வதுதான் விலை.

அந்த மேஜைக்குப் போகும் முன்னால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. இதில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. லட்சத்துக்குப் போகிற வாட்சைச் சில ஆயிரத்துக்குக் கொடுத்துவிடலாம். சில ஆயிரம்தான் போகும் வாட்சை லட்சம் என்று நம்பி, அந்தப் பணத்தை வைத்து ஒரு கடனுக்கு வாக்குக் கொடுத்துவிடலாம். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தங்கம் மாதிரி இல்லை

நமக்கு விற்கத் தெரிந்த ஒரே விலை உயர்ந்த பொருள் தங்கம். தங்கத்துக்குக் கணக்கு சுலபம். எடை, மாற்று, அன்றைய ரேட். காலையில் பேப்பரைப் பார்த்தால் போதும், கடைக்காரர் எவ்வளவு குறைத்துச் சொல்கிறார் என்று நமக்கே தெரிந்துவிடும். நகை உடைந்திருந்தாலும் நெளிந்திருந்தாலும் தங்கம் தங்கம்தான்.

வாட்சுக்கு இந்தக் கணக்கு ஓடாது. ஒரு ஸ்டீல் வாட்சை உருக்கினால் கிடைப்பது கொஞ்சம் இரும்பு. அதன் விலை முழுவதும் அதை வாங்க நினைக்கிறவர் மனதில் இருக்கிறது. அவர் மனதில் ஓடுவது நாலு கேள்வி: இது ஒரிஜினலா? உள்ளே எல்லாம் அதன் சொந்த பாகம்தானா? திருட்டுப் பொருளா? வாங்கின மறுநாள் நின்றுபோகுமா? இந்த நாலுக்கும் பதில் இருந்தால் விலை ஏறும். ஒவ்வொன்றுக்கும் பதில் இல்லாமல் போகப் போக, அந்தச் சந்தேகத்துக்கான தொகையை விலையிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்.

பழைய வாட்ச் வியாபாரத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வேன்: வாங்குகிறவர் சுமக்க வேண்டிய சந்தேகம் குறையக் குறைய விலை கூடும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு வரியின் விளக்கம்தான்.

தங்க முலாம் பூசிய வாட்சிலும் ஒரு குழப்பம் உண்டு. பின்மூடியில் 20 மைக்ரான் என்பது போல எழுதியிருந்தால் அது முலாமின் தடிமன். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உருக்கி எடுக்கும் அளவுக்கு அதில் தங்கம் கிடையாது. உள்பக்கத்திலோ பின்மூடியிலோ 18கே அல்லது 750 போன்ற முத்திரை இருந்தால்தான் அது முழுத் தங்கக் கேஸ். முத்திரையையும் போலியாக அடிப்பார்கள் என்பதால், அப்படி இருந்தால் ஒரு நகைக் கடையில் மாற்றுப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு வாட்ச், நாலு விலை

"இந்த வாட்ச் என்ன விலை?" என்று கேட்டால் குறைந்தது நாலு பதில் உண்டு.

முதலாவது, அதே மாடல் புதிதாகக் கடையில் என்ன விலை. இரண்டாவது, பழசை விற்கிறவர்கள் இணையத்தில் என்ன கேட்கிறார்கள். மூன்றாவது, அது உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது. நாலாவது, பழைய வாட்ச் வியாபாரி உங்கள் கையில் எவ்வளவு எண்ணி வைப்பார்.

வீட்டில் பேசும்போது எல்லோரும் முதல் இரண்டைத்தான் சொல்வார்கள். பையன் போனில் தேடி, "அப்பா, இது 2 லட்சம் போட்டிருக்கான்" என்பான். அது கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அந்த விலையில் ரெண்டு வருஷமாக விற்காமல் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நமக்கு வேலைக்கு ஆவது மூன்றாவதும் நாலாவதும்தான்.

இந்தக் குழப்பம் சாமானியர்களுக்கு மட்டும் இல்லை. 2021 நவம்பரில் கிரிக்கெட் வீரர் ஹர்திக் பாண்டியா துபாயிலிருந்து மும்பை வந்து இறங்கியபோது, சுங்கத் துறை அவருடைய இரண்டு வாட்சுகளைப் பிடித்தது என்றும் மதிப்பு 5 கோடி என்றும் செய்தி வந்தது. அவரோ, ஒரு வாட்ச்தான், சுமார் ஒன்றரைக் கோடி, மதிப்பீட்டுக்காக வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று விளக்கம் கொடுத்தார். யார் சொன்னது சரி என்பது நமக்கு வேண்டாம். எந்த வாட்ச், எந்த விலை என்று முதலில் தெளிவு இல்லாவிட்டால் கோடிக்கணக்கில் வித்தியாசம் வரும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பழைய வாட்ச் விலை பற்றி ஊரே பேசியது ஒரே ஒரு முறைதான். 2022 டிசம்பரில் அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்ட் ரோஸ் வாட்சுக்கு பில் எங்கே என்று அப்போதைய அமைச்சர் செந்தில் பாலாஜி கேட்டார். ரஃபேல் போர் விமானத்தின் பெயரில் 500 மட்டும் தயாரிக்கப்பட்ட மாடல் அது. 2023 ஏப்ரல் 14 அன்று அண்ணாமலை பில்லை வெளியிட்டார். முதலில் கோவைக்காரர் ஒருவர் 2021 மார்ச்சில் நாலரை லட்சத்துக்கு வாங்கியது, அவரிடமிருந்து அதே வருஷம் மே மாதம் தான் 3 லட்சத்துக்கு வாங்கியது என்பது அவர் சொன்ன கணக்கு.

அரசியலை அரசியல்காரர்களிடம் விட்டுவிடுவோம். வாட்ச் விற்கிறவர் இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அவர் சொன்ன கணக்குப்படி இரண்டே மாதத்தில் விலையில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கிறது. லிமிடெட் எடிஷனாகவே இருந்தாலும், கடையை விட்டு வெளியே வந்ததும் பெரும்பாலான கம்பெனி வாட்சுகளுக்கு இப்படி ஒரு சரிவு உண்டு. காரும் அப்படித்தானே. புது விலையை விடப் பழசு அதிகம் போவது ரோலக்ஸ், படேக் ஃபிலிப் போன்ற சில கம்பெனிகளின் சில மாடல்களுக்கு மட்டும்தான். அதுவும் நிரந்தரம் கிடையாது. 2022 ஆரம்பத்தில் உச்சிக்குப் போன அந்த விலைகள் அந்த வருஷமே இறங்க ஆரம்பித்துவிட்டன. இரண்டு, ஒரு மாநிலமே கேட்ட கேள்வி "பில் எங்கே?" என்பதுதான். கடைக்காரரும் அதைத்தான் கேட்பார்.

வியாபாரி ஏன் குறைத்துச் சொல்கிறார்?

வியாபாரி எல்லாம் ஏமாற்றுக்காரர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, உங்கள் வாட்சை அவர் சர்வீஸ் செய்து, கேரண்டி கொடுத்து, 1,40,000 ரூபாய்க்கு விற்க முடியும் என்று வச்சுக்கோங்க. உங்களிடம் 1,00,000 கொடுத்து வாங்குகிறார். மிச்சம் இருக்கும் 40,000-ல் சர்வீஸ் செலவு போகும். பழைய பொருள் வியாபாரத்துக்கான விதிப்படி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். கடை வாடகை, சம்பளம். வாட்ச் ஆறு மாதம் விற்காமல் கிடந்தால் முடங்கிய பணத்துக்கு வட்டி. வாங்கின ஆள் ஒரு மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்தால் அந்த நஷ்டம்.

ஆகவே கைமாறும் விலைக்குக் கீழே அவர் கேட்பது நியாயம்தான். எவ்வளவு கீழே என்பதில்தான் பேரம். உங்கள் கையில் பேப்பர் இருந்தால், வாட்ச் யார் கையும் படாததாக இருந்தால், அவருடைய ரிஸ்க் குறைகிறது, பேரத்தில் நீங்கள் நிமிர்ந்து உட்காரலாம். எதுவும் இல்லாவிட்டால், உள்ளே திறந்து பார்க்காத வாட்சுக்கு மோசமான நிலை என்று வைத்துத்தான் அவர் விலை சொல்வார்.

கதைக்கும் விலை உண்டு, சாட்சி இருந்தால்

2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் ஒரு ரோலக்ஸ் டேடோனாவை 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விற்றது. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த வாட்ச் அது. அவர் மனைவி வாங்கிக் கொடுத்தது. வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள் என்ற பொருளில் பின்பக்கம் எழுத்துப் பொறித்திருந்தார். சாதாரணமாக, பின்மூடியில் பெயர் வெட்டியிருந்தால் வாட்சின் விலை குறையும். இதில் அந்த எழுத்துதான் இது நியூமனின் வாட்ச் என்பதற்குச் சாட்சி.

நம் பக்கத்திலும் ஒரு உதாரணம் உண்டு. 2022-ல் 'விக்ரம்' படத்தில் ரோலக்ஸ் என்ற பாத்திரத்தில் சில நிமிடம் வந்துபோன சூர்யாவுக்கு, நம்ம பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் ஒரு ரோலக்ஸ் வாட்சைப் பரிசாகக் கொடுத்தார். கொடுத்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. என்றைக்காவது அந்த வாட்ச் விற்பனைக்கு வந்தால், அதே மாடல் வாட்சுக்கு என்ன விலையோ அதற்கு மேல்தான் போகும். ஏனென்றால் கதைக்கு போட்டோ சாட்சி இருக்கிறது.

நம் வீட்டு வாட்சுக்கு இந்த அளவு கதை தேவையில்லை. "1986-ல் ஜித்தாவில் அப்பா வாங்கினது" என்று வாயால் சொன்னால் ஒரு ரூபாய் கூடாது. ஜித்தா கடையின் பில், கடை முத்திரை போட்ட கேரண்டி கார்டு, வாட்ச் கட்டியபடி அப்பா எடுத்த ஸ்டுடியோ போட்டோ, அந்த வருஷத்துப் பாஸ்போர்ட்டில் வருகை முத்திரை, இவற்றில் ரெண்டு மூன்று சேர்ந்தால் அது வேறு விஷயம். அந்த வாட்ச் எங்கிருந்து வந்தது, யாரிடம் இருந்தது என்பது நிரூபணம் ஆகிறது.

உங்கள் கையில் இருப்பது என்ன?

நம் பக்கத்து பீரோக்களில் அதிகம் கிடப்பவை இவைதான்.

ராடோ: வளைகுடாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு காலத்தில் கௌரவத்தின் இன்னொரு பெயர். 1962-ல் வந்த டயாஸ்டார்தான் இதற்கு ஆரம்பம். டங்ஸ்டன் கார்பைடு சேர்ந்த கடின உலோகக் கேஸ், சஃபையர் கண்ணாடி. கீறல் விழாது என்பதுதான் அதன் விளம்பரம், அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் கடினமானது நொறுங்கும். கீழே விழுந்தால் நெளியாது, முனையில் சில்லு தெறிக்கும். அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே முதலில் விளிம்பைச் சுற்றிச் சில்லு தெறித்திருக்கிறதா பாருங்க. ஆட்டோமேட்டிக் ராடோவில் டயல் மேலே ஒரு சின்ன நங்கூரம் இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் கையை அசைக்கும்போது அது தானாகச் சுழலும். அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், சர்வீஸ் காலம் வந்துவிட்டது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. விலை விஷயத்தில் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியதும் ராடோவுக்குத்தான். ஏராளமாக விற்ற வாட்ச் என்பதால் பழசும் ஏராளமாகக் கிடைக்கிறது. பேட்டரியில் ஓடும் பழைய மாடல்களுக்கு, வாங்கியபோது இருந்த மரியாதை இப்போது சந்தையில் இல்லை.

சீக்கோ: சீக்கோ 5 வரிசை 1963-ல் வந்தது. பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். நாலு எழுத்தும் நாலு எழுத்துமாக நடுவில் கோடு போட்டது மாடல் எண். இன்னொன்று, பெரும்பாலும் ஆறு இலக்கத்தில், சீரியல் எண். சீரியலின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண். இரண்டாவது மாதம். 78 என்று ஆரம்பித்தால் 7-ல் முடியும் ஒரு வருஷத்தின் ஆகஸ்ட் மாதம். அது 1977-ஆ 1987-ஆ என்பதை உள்ளே இருக்கும் மெஷின் எந்தக் காலத்தது என்பதை வைத்துச் சொல்லலாம். "அப்பா 85-ல் வாங்கினார்" என்ற கதையை வீட்டிலேயே சரிபார்க்க இது ஒரு வழி. சாதாரண சீக்கோ 5-க்கு விலை குறைவு. முக்குளிப்பவர்களுக்காகச் செய்த பழைய டைவர் மாடல்களுக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

ஃபேவர் லூபா, எச்.எம்.டி.: ஃபேவர் லூபா 1737-ல் தொடங்கிய ஸ்விஸ் கம்பெனி. 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியுடன் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. அதற்குப் பிறகு ஆசைப்பட்டுச் சேகரிப்பவர்கள் கூடினார்கள். இதில் பெரிய பிரச்சினை டயல். பழைய டயலை அழித்துப் புதுசாகப் பெயின்ட் அடித்து, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் விற்பது இந்தியாவில் பெரிய தொழில். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பட்டப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒமேகா, ரோலக்ஸ்: இருந்தால் தனிக் கவனம் தேவை. பழைய ரோலக்ஸில் சீரியல் எண் செயினைக் கழற்றினால்தான் தெரியும், 6 மணிப் பக்கம் கேஸின் விளிம்பில் இருக்கும். புதுசுகளில் கண்ணாடிக்கு அடியில் உள் வளையத்தில் இருக்கும். நொடி முள் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு தட்டுத் தட்டி நகர்ந்தால் ஏறக்குறைய நிச்சயமாக டூப்ளிகேட். ரோலக்ஸ் கம்பெனி பேட்டரி வாட்ச் செய்தது மிகக் குறைவு. இன்றைய பெரும்பாலான ரோலக்ஸ் மெஷின்கள் நொடிக்கு எட்டு முறை அசைவதால் முள் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். முள் வழுக்கிப் போவதாலேயே ஒரிஜினல் என்று ஆகிவிடாது. நல்ல ஃபர்ஸ்ட் காப்பிகளிலும் அப்படித்தான் போகும். திறந்து மெஷினைப் பார்த்தால்தான் தெரியும்.

கடல் காற்று செய்யும் வேலை

நம் ஊர் வாட்சுகளுக்கு வெளியூர் வாட்சுகளுக்கு இல்லாத ஒரு எதிரி உண்டு. உப்பு. பின்மூடிக்கும் சாவி கொடுக்கும் குமிழுக்கும் உள்ளே சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. தண்ணீரைத் தடுப்பது அவைதான். ரப்பர் வயதானால் காய்ந்து வெடிக்கும். பின்மூடியில் 100 மீட்டர் என்று எழுதியிருப்பது, ஃபாக்டரியை விட்டு வந்தபோது புது ரப்பருடன் இருந்த நிலை. முப்பது வருஷம் கழித்து அந்த எழுத்துக்கு அர்த்தம் கிடையாது.

ஈரம் உள்ளே போனால் முதலில் கண்ணாடிக்கு அடியில் பனி போலப் படியும். பிறகு முள்ளில் துரு, டயலில் புள்ளி. அதற்குப் பிறகு மெஷினில் துரு. கடலோர வாட்சைப் பார்க்கிற வியாபாரி முதலில் குமிழைத்தான் இழுத்துப் பார்ப்பார். அங்கே துருத் தூள் இருந்தால், திறக்காமலே உள்ளே என்ன என்று ஊகித்து விலையைக் குறைத்துவிடுவார்.

பேட்டரி வாட்ச் நின்று கிடந்தால் இன்னொரு தொல்லை. செத்த பேட்டரி உள்ளேயே கிடந்து கசிந்து சர்க்யூட்டை அரித்துவிடும். விற்கிறீர்களோ இல்லையோ, நின்றுபோன பேட்டரியை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து எடுத்துவிடுங்கள். சின்னச் செலவு. ஒரு மெஷினைக் காப்பாற்றும்.

விற்கும் முன் செய்யக் கூடாதவை

வீடு விற்கும் முன் வெள்ளையடிப்போம். மாடு விற்கும் முன் குளிப்பாட்டுவோம். வாட்சுக்கு மட்டும் அது தலைகீழ்.

பாலிஷ் போடாதீர்கள். பாலிஷ் என்றால் உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. கேஸின் கூர்மையான விளிம்புகள் மழுங்கினால் திரும்ப வராது. கீறல் விழுந்த, ஆனால் தேய்க்காத கேஸுக்குத்தான் சேகரிப்பவர்கள் அதிகம் கொடுப்பார்கள்.

டயலுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். மங்கிய ஒரிஜினல் டயலுக்கு விலை உண்டு. பளபளக்கும் போலி டயல், வாட்ச் முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

பழைய செயின், அதிலிருந்து கழற்றிய கண்ணிகள், உடைந்த குமிழ், மாற்றிய கண்ணாடி எதையும் தூக்கிப் போடாதீர்கள். கம்பெனிச் செயின் தனியாகவே விலை போகும்.

ஓடாத வாட்சைப் பழுது பார்த்துத்தான் விற்க வேண்டும் என்பதும் இல்லை. சாதாரண வாட்ச் என்றால் சர்வீஸ் செலவு விலையைத் தாண்டிவிடும். விலை உயர்ந்த வாட்ச் என்றால் தெரியாத ஆள் கை வைத்து உள்ளே வேறு பாகம் போட்டுவிடும் ஆபத்து. எந்த வாட்ச் என்று தெரிந்த பிறகு முடிவு செய்யலாம்.

விற்பது எப்படி?

முதலில் ஒரு காகிதம் எடுத்து எழுதுங்கள். கம்பெனி, மாடல் எண், சீரியல் எண், யார் எங்கே எப்போது வாங்கியது, எப்போது சர்வீஸ் செய்தது. பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்: டயல், பின்மூடி, இரண்டு பக்கம், செயின் கொக்கி, பில், பெட்டி. குறைகளையும் எடுங்கள். போட்டோவை வெளியே அனுப்பும்போது சீரியலின் கடைசி சில இலக்கங்களை மறைத்துவிடுங்கள். அந்த எண்ணை வைத்து டூப்ளிகேட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, மூன்று இடத்தில் கேளுங்கள். ஒரு இடத்தில் கேட்பது விலை விசாரணை ஆகாது. ஊரில் இருக்கும் அடகுக் கடை பெரும்பாலும் தங்கம் பார்க்கும் இடம், வாட்ச் பார்க்கும் இடம் கிடையாது. பழைய வாட்சுக்கென்றே இருக்கும் வியாபாரிகள் சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லியில் இருக்கிறார்கள். பலர் போட்டோ பார்த்தே உத்தேச விலை சொல்வார்கள். பார்சல் அனுப்பும் முன்னால் கடை, ஜி.எஸ்.டி. எண், முகவரி எல்லாம் உண்மையா என்று பார்க்க வேண்டும். லட்ச ரூபாய் வாட்ச் என்றால் பஸ் ஏறி நேரில் போவதே மேல். திறந்து பார்க்கச் சொன்னால் உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். "வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்றால், மாடல், சீரியல், நிலை எழுதிய ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

நீங்களே நேரடியாக ஒரு ஆளுக்கு விற்றால் வியாபாரியின் லாபம் உங்களுக்கு. ஆனால் ரிஸ்க்கும் உங்களுக்கு. பணம் அனுப்பிவிட்டேன் என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். உங்கள் கணக்கில் ஏறினதைப் பார்த்த பிறகுதான் வாட்ச் கை மாற வேண்டும். பணம் வாங்குவதற்கு ஓ.டி.பி.யோ பின் நம்பரோ தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.

சட்டத்தில் இரண்டு விஷயம். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை, வங்கி வழியாகத்தான் வாங்க வேண்டும். சொந்த உபயோகப் பொருளை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி பொதுவாகக் கிடையாது. தங்கம், வைரம் சேர்ந்த வாட்ச் என்றால் நகை என்ற கணக்குக்குள் வரக்கூடும். பெரிய தொகை என்றால் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் ஒரு விஷயம். அப்பா காலமாகி, வாட்ச் பிள்ளைகளுக்குப் பொதுவாக வந்திருந்தால், அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோருக்கும் சொல்லிவிட்டு விற்பது நல்லது. முடிந்தால் ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்து. "3,000-க்கு விற்றேன் என்றான், 30,000-க்கு விற்றிருப்பான்" என்ற பேச்சு ஒரு தடவை வந்துவிட்டால், வாட்ச் போன பிறகும் அது குடும்பத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று இடத்தில் விலை கேட்ட விவரத்தை எழுதி வைத்திருந்தால் அந்தப் பேச்சு வராது.

காத்திருக்கலாமா?

"இன்னும் பத்து வருஷம் வைத்திருந்தால் விலை ஏறுமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். பெரும்பாலான வாட்சுக்கு ஏறாது. ஐரோப்பாவின் நாலு நாடுகளுடன் இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஸ்விட்சர்லாந்தும் ஒன்று. அதன்படி ஸ்விஸ் வாட்சுகளின் இறக்குமதி வரி ஏழு வருஷத்தில் படிப்படியாக இல்லாமல் போகும். அதனால் புதுசின் விலை இறங்கினால், பழசு அதற்கு மேல் நிற்க முடியாது. வாங்க ஆசைப்படுகிறவர்களின் தலைமுறையும் மாறுகிறது. எண்பதுகளில் ராடோவுக்கு ஏங்கினவர்களுக்கு இப்போது அறுபது வயது.

ஆனால் பத்து வருஷம் காத்திருப்பது வேறு, பத்து நாள் காத்திருப்பது வேறு. நாளைக் காலை பணம் வேண்டும் என்று போகிறவருக்குக் கிடைக்கும் விலையும், "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வரக்கூடியவருக்குக் கிடைக்கும் விலையும் ஒன்றாக இருக்காது. தடைக்காலத்தில் பீரோவைத் திறக்க வேண்டி வரலாம் என்று தோன்றினால், விசாரிக்க வேண்டிய மாதம் மே அல்ல, ஜனவரி. அப்போது விற்க வேண்டியதில்லை. எழுதி, போட்டோ எடுத்து, மூன்று விலை வாங்கி வைத்தால் போதும்.

அப்படி விசாரித்த பிறகு, இது ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு மேல் போகாது என்று தெரியவந்தால்? அதுவும் பயனுள்ள பதில்தான். அந்த வாட்சை நம்பி யாரும் கடன் வாங்க மாட்டீர்கள். அந்தத் தொகைக்கு விற்பதைவிட, பேட்டரி மாற்றியோ சாவி கொடுத்தோ, வீட்டில் யாராவது கட்டிக்கொள்ளலாம்.